ஆபீசர் அண்ணாச்சி காதில் விழாத முறுக்கு

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, கரிசல் காடு முடிந்து வீடுகள் தொடங்குகிற இடத்தில், பழைய தீப்பெட்டி ஆபீஸ் தெரு என்றொரு தெரு. அந்தத் தெருவில் இருபத்து மூன்று வீடுகள். அந்த இருபத்து மூன்றில் இருபத்திரண்டு வீடுகளில், பரண்மேல் பாய்ச் சுருளுக்குப் பின்னாலோ, அரிசி டிரம்முக்குள் அரிசிக்கு அடியிலோ, தையல் மிஷின் மூடிக்குள்ளோ, யாருக்கும் தெரியாது என்று வீட்டுக்காரி மட்டும் நம்பிக்கொண்டிருக்கும் ஓர் இடத்தில், ஒரு தின்பண்ட டப்பா இருந்தது. டப்பா இல்லாத ஒரே வீடு பத்தொன்பதாம் நம்பர். அது ஆவுடையப்பனின் வீடு.

ஆவுடையப்பன் முப்பத்தாறு வருஷம் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. அவர் சேவுக் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் எழுந்து கும்பிட்டு, சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த காரச்சேவில் ஒரு கை அள்ளித் தாளில் வைத்து நீட்டுவார். அந்த ஒரு கைச் சேவை வாயில் போட்டுவிட்டால் அப்புறம் தராசு முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்று ஆவுடையப்பன் நம்பினார். ஆகவே "வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லப் பழகி, அதைக் கடைகளில் சொல்லி, கல்யாண வீடுகளில் சொல்லி, மாமியார் வீட்டில் சொல்லி, கடைசியில் சொந்த வீட்டில் மனைவி கோமதி தட்டை நீட்டியபோதும் சொல்லிவிட்டார். கோமதி ஓரிரு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தனக்கும் மகளுக்கும் மட்டும் சுட்டாள். மகள் செண்பகவல்லி கல்யாணமாகிப் புனேவுக்குப் போனதும் சுடுவதையே விட்டாள். கோமதி இறந்து இப்போது ஐந்து வருஷம். தெருக்காரர்கள் அவரை ஆபீசர் அண்ணாச்சி என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள், மரியாதையாகவே இரண்டடி தள்ளி நின்றார்கள்.

இப்படி இருந்த தெருவில்தான், ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலேகால் மணிக்கு, ஒளித்துத் தின்கிற தின்பண்டத்தின் சத்தம் தின்கிறவர் வாயை விட்டுப் போய்விட்டது.

முதலில் கவனித்தவள் பதினெட்டாம் நம்பர் இசக்கியம்மாள். அவளுடைய கணவர் சுடலைமணி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை வியாதிக்காரர். எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் பேப்பர் படிக்க நூலகத்துக்குப் போனதை ஜன்னல் வழியாக உறுதி செய்துகொண்டு, ஸ்டூலில் ஏறி, பரணில் இருந்த டப்பாவை இறக்கி, ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். சத்தம் வரவில்லை. நமுத்துப்போய்விட்டதா என்று கையில் இருந்த மிச்சத்தைப் பார்த்தாள். அது கண்ணாடி உடைந்தது போலச் சுத்தமாக உடைந்திருந்தது. இன்னொரு கடி கடித்தாள். பஞ்சைக் கடித்தது போல ஓசையே இல்லை. ஆனால் பல்லில் மொறுமொறுப்பு இருந்தது.

அதே நேரத்தில், நூலகத்தில், நாலாம் பக்கத்தை விரித்துவைத்திருந்த சுடலைமணியின் வலது காதுக்குள் 'கடக்' என்றது. அவர் பேப்பரைத் தூக்கி அடியில் பார்த்தார். மறுபடி 'கடக், முடக்' என்றது, பிறகு ஒரு சின்ன இடைவெளி, பிறகு மறுபடி 'கடக்'. அந்த இடைவெளியை அவருக்குத் தெரியும். இசக்கியம்மாளுக்கு இடது கடைவாய்ப் பல் ஒன்று இல்லை. மூன்று கடிக்கு ஒருமுறை அவள் முறுக்கை இடமிருந்து வலத்துக்கு மாற்றிக்கொள்வாள். முப்பத்திரண்டு வருஷமாக அவர் கேட்டுவருகிற தாளம் அது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"முறுக்கு தின்னியா?"

"நானா? எப்ப?" என்றாள் இசக்கியம்மாள், உதட்டோரத்தில் எள்ளு ஒட்டியிருக்க.

ஒரு வாரத்துக்குள் தெரு முழுக்க விஷயம் பிடிபட்டுவிட்டது. வெளிப்படையாகத் தின்றால் சத்தம் வழக்கம்போல வாயில்தான் கேட்கும். யாருக்கும் தெரியக்கூடாது என்று மனசுக்குள் ஒருவரை நினைத்துக்கொண்டு தின்றால், அந்த ஒருவர் எங்கே இருந்தாலும், சந்தையில் இருந்தாலும் சரி, திருப்பூரில் இருந்தாலும் சரி, சத்தம் நேராக அவர் காதுக்குள் போய் விழும். நாலு பேருக்குத் தெரியாமல் தின்றால் நாலு பேர் காதிலும் விழும். அந்தத் தெருப் பெண்கள் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர்களிலும் இதே கதைதான். ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. மழை வந்தால் ஏன் வந்தது என்றா கேட்கிறோம், ஓடிப்போய்க் கொடியில் கிடக்கிற துணியை எடுக்கிறோம். அதுபோல அவரவர் தங்கள் டப்பாவைக் காப்பாற்றும் வழியைத் தேடினார்கள்.

அதிகம் அவதிப்பட்டவர்கள் பிள்ளைகள்தான், ஏனென்றால் எல்லா வீட்டிலும் முதலில் பிள்ளைகளிடமிருந்துதான் டப்பாவை ஒளிக்கிறார்கள். எமிலி டீச்சர் இருபத்தோராம் நம்பர் வீட்டுக்காரர், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். காலை பதினொரு மணிக்கு, வீட்டு வேலை முடித்த அம்மாக்கள் எல்லாம் ஒரு வாய் காப்பியோடு டப்பாவைத் திறக்கிற அந்த நேரத்தில், வகுப்பில் பாதிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"டீச்சர், எங்கம்மா தட்டை திங்குறாக!"

"டீச்சர், எங்கம்மா இது மூணாவது சீடை!"

டீச்சர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பதினொரு மணிக் கணக்குப் பாடத்தை மத்தியானத்துக்கு மாற்றிவிட்டு அந்த நேரத்தில் பாட்டு வைத்தார்.

தெருச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். இனி எல்லோரும் நாலேகால் மணிக்கு வாசலில் உட்கார்ந்து எல்லோரும் பார்க்கவே தின்பது என்று முடிவானது. மூன்று நாள் தின்றார்கள். நாலாம் நாள் ஒருவரும் வரவில்லை. ஒளிக்காத முறுக்கில் உப்புப் பத்தவில்லை என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில், மொறுமொறுப்பானதை விட்டுவிட்டு மெத்தென்று இருக்கிற அதிரசம், அல்வா, லட்டு மட்டும் செய்வது என்று தீர்மானித்தார்கள். ஒரு மாதத்தில் தெருவில் மேலும் நாலு பேருக்குச் சர்க்கரை ஏறியது. அப்புறம் யாரும் தீர்மானிக்காமலே ஒரு வழக்கம் வந்தது: காதில் சத்தம் விழுந்தால் அதை வாய்விட்டுச் சொல்வது நாகரிகம் இல்லை, காது மடலை ஒருதரம் தொட்டுக்கொண்டு, பேசிக்கொண்டிருந்த பேச்சைத் தொடர வேண்டும். பால் ஊற்றும்போது தொட்டுக்கொண்டார்கள், பஸ்ஸில் தொட்டுக்கொண்டார்கள், இழவு வீட்டில் தொட்டுக்கொண்டார்கள். காதைத் தொடுவது பழகியதும் அதில் ஒரு பெருமையும் வந்துவிட்டது. அடிக்கடி காதைத் தொடுகிற ஆள் முக்கியமான ஆள். அவனை நினைத்து இத்தனை பேர் டப்பாவை மூடுகிறார்கள் அல்லவா?

ஆவுடையப்பன் ஒருதரம்கூடத் தொடவில்லை.

ஆரம்பத்தில் அது அவருக்குக் கௌரவமாகத்தான் இருந்தது. நூலகத்தில் சுடலைமணிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "என் காதுல இன்னிக்கு வரைக்கும் ஒரு சத்தம் விழலை, மணி. நம்ம நடத்தை அப்படி."

சுடலைமணி காதைத் தொட்டுக்கொண்டார். வீட்டில் இரண்டாவது முறுக்கு நடந்துகொண்டிருந்தது. "நடத்தை இருக்கட்டும் அண்ணாச்சி. ஒருத்தர்கிட்ட இருந்து மறைச்சுத் திங்கணும்னா, மொதல்ல அந்த ஒருத்தரை நெனைக்கணும்லா?"

அவர் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஸ்டாப் பெயர் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். ஆனால் ஆவுடையப்பன் அன்றைக்குத் தலையங்கத்தை மூன்று தரம் படித்தும் ஒரு வரி ஏறவில்லை. தெருவில் மூன்று வயசுக் குழந்தைக்குக்கூட நாளைக்கு நாலு சத்தம் கேட்கிறது, தபால்காரருக்குக் கேட்கிறது, எமிலி டீச்சர் வீட்டு நாய்கூட பிஸ்கட் நேரத்தில் காதை உதறுகிறது. இந்த உலகத்தில் எந்த வீட்டிலும், எந்த ஒரு மனுஷியும், 'ஐயோ, ஆவுடையப்பன் வந்துவிடப் போகிறார்' என்று ஒரு டப்பாவை அவசரமாக மூடியதில்லை.

மறுநாள் கோவில்பட்டிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தார். டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்து, கம்பியைத் தட்டிக் கேட்கச் சொல்லி, இருபது வயசுப் பையன் காது என்றார். ஆவுடையப்பன் முகம் வாடிப்போனதற்குக் காரணம் டாக்டருக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் புனேவுக்குப் போன் போட்டார்.

"செம்பகம், நீ அங்கன எனக்குத் தெரியாம ஏதாச்சும் தின்னுறியா?"

"என்னப்பா கேக்கிறீங்க?"

"முறுக்கு, சேவு, கடலை மிட்டாய்... ஏதாச்சும்?"

"உங்களுக்குத் தெரியாம எதுக்குப்பா திங்கணும்? உங்க மூக்குக்கு நேரா வச்சுத் தின்னாலும் நீங்க திரும்பிப் பாக்க மாட்டீங்களே." அவள் சிரித்தாள், பிறகு, "அப்பா, இருங்க, இவரு லேப்டாப்போட உக்காந்துக்கிட்டே காதைத் தொடுறாரு, என்னன்னு பாத்துட்டு வாரேன், பிள்ளை டப்பாவைத் தொறந்துட்டான் போல" என்று போனை வைத்தாள்.

ஆவுடையப்பன் அன்றே முடிவு செய்தார். எதையும் முறையாகச் செய்கிறவர் அவர். ஒருவரிடமிருந்து ஒன்றை மறைக்க வேண்டும் என்றால், அவர் அதை எடுத்துக்கொள்வார் என்கிற பயம் வேண்டும். பயம் வர வேண்டும் என்றால், அவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சரியாக நாலு மணிக்கு, பதினெட்டாம் நம்பர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

இசக்கியம்மாள் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எவர்சில்வர் தட்டில் நாலு முறுக்கும் ஒரு குத்துச் சேவும் வைத்து நீட்டினாள். ஆவுடையப்பன் கையை எடுத்து முன்னால் கொண்டுபோனார். கை போனது, வாய் திறந்தது, முப்பத்தாறு வருஷம் பழகிய வாய், அவரைக் கேட்காமல், "வேண்டாம் தாயி, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பி, கண்ணாடிக்கு முன்னால் நின்று, "குடுங்க" என்று சொல்லிப் பழகினார். "குடுங்க. கொஞ்சம் குடுங்க. இன்னும் கொஞ்சம் வைங்க." மூன்றாவதைச் சொல்ல நாலு நாள் ஆனது.

ஐந்தாம் நாள் எமிலி டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் முந்திரிக்கொத்து வைத்தார். பாசிப்பயறும் கருப்பட்டிப் பாகும் உருட்டி மாவில் முக்கிப் பொரித்த, மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டிருக்கிற உருண்டைகள். ஆவுடையப்பன் ஒன்றை எடுத்தார், நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார், கடித்தார், இருபது தரம் மென்றார், விழுங்கினார், அடுத்ததை எடுத்தார். ருசி என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு படிக்கல்லைச் சோதிப்பது போலத்தான் தின்றார். ஆனால் தட்டைக் காலி செய்தார். காலி செய்ததோடு, "இன்னும் கொஞ்சம் வைங்க டீச்சர்" என்றும் சொன்னார்.

டீச்சர் மறைக்கவில்லை. கண்ணில் தண்ணீரோடு தெருவுக்கு ஓடிவந்தார்.

"ஆபீசர் சார் எங்க வீட்ல சாப்பிட்டுட்டார்! முழுத் தட்டும்! ரெண்டாம் தரம் கேட்டு வாங்கினார்!"

முப்பத்தாறு வருஷம் ஒருத்தர் கையிலும் ஒரு சேவு வாங்காத மனுஷன் ஒரு வீட்டில் வாங்கித் தின்றுவிட்டார் என்றால், அந்த வீட்டுப் பலகாரத்துக்கு அரசாங்க முத்திரை விழுந்த மாதிரிதானே! மறுநாள் காலையில் ஆவுடையப்பன் கதவைத் திறந்தபோது வாசலில் தட்டையோடு ஒருத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் சீடையோடு ஒருத்தி. அவளுக்குப் பின்னால் ரிப்பன் பக்கோடா, மனோகரம், பொரிவிளங்காய். கொண்டுவந்தவர்கள் போகவும் இல்லை, அவர் எதிரில் நின்று, அவர் ஒவ்வொன்றாகக் கடிப்பதைப் பார்த்து, தாடை அசைவதை எண்ணி, "எப்படி இருக்கு அண்ணாச்சி? எள்ளு கூடவா? வெண்ணெய் பத்தலையா?" என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். ஒரு வாரத்தில் பத்தொன்பதாம் நம்பர் வீட்டின் மர பெஞ்சில் பதினோரு டப்பாக்கள் வரிசையாக நின்றன. தெருவில் இருக்கிற அத்தனையும் அவர் கண்முன்னால் வந்துவிட்டது. மறைக்க இனி எந்த வீட்டிலும் ஒன்றும் இல்லை. அவர் காது முன்னைவிட நிசப்தமாக இருந்தது.

அதோடு இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. வந்த டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது அந்தத் தெருவில் கிடையாது. ஒரு கைச் சீனியாவது, நாலு வாழைப்பழமாவது, ஒன்றும் இல்லையென்றால் முருங்கைக்கீரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆவுடையப்பன் வீட்டில் முருங்கை இல்லை. அவர் யோசித்து, டப்பாக்களை வரிசையாக வைத்து, ஒன்றில் இருப்பதை அடுத்ததில் கொட்டி, அடுத்ததில் இருந்ததை அதற்கடுத்ததில் கொட்டி, கடைசி டப்பாவில் இருந்ததை முதல் டப்பாவில் கொட்டி, அவரவர்க்கு அடுத்த வீட்டுப் பலகாரம் போகும்படி முறையாக மாற்றினார். எந்த டப்பா யாருடையது என்பதற்கு மூடியில் வெட்டியிருந்த பெயரைப் பார்த்துக்கொண்டார். 'சு.இசக்கியம்மாள்' என்று வெட்டிய டப்பாவில் முறுக்கு இருந்தது. அதற்கு அடுத்ததில் 'ச.பேச்சியம்மாள்' என்று இருந்தது. ஆகவே அந்த முறுக்கு பேச்சியம்மாள் டப்பாவுக்குப் போனது.

எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகுதான், பேச்சியம்மாள் என்று தெருவில் யாரையும் தனக்குத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. வாசலில் பால் ஊற்றிக்கொண்டிருந்தவரைக் கேட்டார்.

"பேச்சியம்மாளா? அது பதினெட்டாம் நம்பர் இசக்கியக்காவோட அம்மா பேருல்ல? சீர்ல குடுத்த பாத்திரமா இருக்கும் சார். அதுல அம்மா பேருதான் வெட்டியிருப்பாங்க."

நல்லதாகப் போயிற்று என்று ஆவுடையப்பன் இரண்டு டப்பாவையும் ஒரே பையில் போட்டு, பதினெட்டாம் நம்பரில் கொடுத்துவிட்டு வந்தார்.

அரைமணி நேரத்தில் இசக்கியம்மாள் பத்தொன்பதாம் நம்பர் வாசலில் நின்றாள். அவள் கையில் ஒரு முறுக்கு இருந்தது. அவள் வீட்டு முறுக்கு அச்சில் ஒரு முனை உடைந்திருந்தது. ஆகவே அவள் சுடுகிற முறுக்கில் ஒரு பக்கம் மட்டும் முள் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்பான பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இது யாரு சுட்டது?"

ஆவுடையப்பன் முறுக்கைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எங்கம்மா டப்பாவுல, நான் சுட்ட முறுக்கை, எனக்கே குடுத்தனுப்பியிருக்கீக! ஒரு கடி ருசிச்சுக் கடிச்சிருந்தா இது இசக்கி முறுக்குன்னு தெரிஞ்சிருக்கும். நீங்க கடிச்சீக, ருசிச்சுப் பாக்கவே இல்லை. எல்லாரு வீட்டு தட்டுலயும் தின்ன மாதிரி தின்னுட்டு, ஒரு வீட்டுப் பலகாரத்துக்கும் இன்னொரு வீட்டுப் பலகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாம இருந்திருக்கீக!" என்று சொல்லி, அந்த முறுக்கைத் தானே ஒரு கடி கடித்து, அவர் எதிரிலேயே மென்று விழுங்கிவிட்டுப் போய்விட்டாள். கடித்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது, ஒளிக்காமல் தின்றதல்லவா.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. வாசலுக்குப் பலகாரம் வருவது மட்டும் நின்றது. ஆவுடையப்பன் உள்ளே உட்கார்ந்து, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சோதனையில் தான் தவறிவிட்டதை நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சொன்னது நியாயம். ஒரு வாரமாக அவர் தின்றது எதுவுமே அவருடைய நாக்கைத் தொடவில்லை.

மறுநாள் நாலேகாலுக்கு, வெள்ளைச் சட்டை போடாமல், வீட்டில் போடும் பனியனுக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, பதினெட்டாம் நம்பருக்குப் போனார்.

"தப்புத்தான் தாயி. எனக்குத் தெரியலை."

சுடலைமணி நாற்காலியைக் காட்டினார். இசக்கியம்மாள் அடுப்படியை விட்டு வரவில்லை.

"வந்தவுகளை வெறும் வயித்தோட அனுப்புற வீடு இல்ல இது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆனா முழு முறுக்கு கிடையாது. தெரியாத வாய்க்கு எதுக்கு முழு முறுக்கு? அடித்தூள்தான்."

டப்பா காலியாகும்போது அடியில் மிஞ்சுகிற தூள், விருந்தாளிக்கு ஒருபோதும் வைக்காதது, வீட்டு மனுஷர்கள் மட்டும் சமையல்கட்டில் நின்றபடி தின்கிறது. அதை ஒரு டம்ளரில் கவிழ்த்து, 'டங்' என்று அவர் முன்னால் வைத்தாள். உடைந்த முறுக்கு முனைகள், குட்டிக் குட்டிச் சேவுத் துண்டுகள், பிளந்த நிலக்கடலை, பொரிந்த கறிவேப்பிலை நொறுங்கல், எல்லாவற்றுக்கும் கீழே இறங்கிப்போய்த் தங்கியிருந்த உப்பும் மிளகாய்ப்பொடியும் பெருங்காயமும். ஒரு தட்டில் வைத்து முறையாக நீட்டியிருந்தால் அவருடைய வாய் "வேண்டாம், இப்பத்தான்" என்று சொல்லியிருக்கும்; ஆனால் டம்ளரில் கவிழ்த்த தூளை வேண்டாம் என்று சொல்ல அந்த வாய்க்கு யாரும் பழக்கிக் கொடுத்திருக்கவில்லை. அவர் டம்ளரைச் சாய்த்துக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டார்.

உறைத்தது. காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. கறிவேப்பிலை ஒரு பக்கம் நொறுங்கியது, கடலை ஒரு பக்கம் உடைந்தது, உப்பு நாக்கின் ஓரத்தில் கரைந்து எச்சிலை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தது. அவர் மறுபடி கொட்டினார். மறுபடி போட்டார். டம்ளரின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை ஆள்காட்டி விரலை விட்டு வழித்து, விரலைச் சப்பினார். பிறகு டம்ளரைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். சுடலைமணி பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இருக்கா?" என்றார் ஆவுடையப்பன். கண்ணாடி முன்னால் பழகிய குரல் இல்லை அது.

"அம்புட்டுத்தான்," என்றாள் இசக்கியம்மாள்.

"சேவு டப்பாவுல?"

"அண்ணாச்சி, அது நான்..." என்று அவள் தொடங்குவதற்குள் அவர் எழுந்து, அழைக்காத வீட்டின் அடுப்படிக்குள் நுழைந்து, மேடைமேல் இருந்த சேவு டப்பாவை எடுத்து, முழுச் சேவுகளை மூடியில் ஒதுக்கிவிட்டு, அடியில் இருந்த தூளை டம்ளரில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

இசக்கியம்மாள் கவிழ்ந்த டப்பாவையே பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷமாக எல்லோருக்கும் முழு முறுக்கை வைத்துவிட்டு ஒளிக்காமல் அவள் தனக்கென்று விட்டுவைத்திருந்தது அந்த அடித்தூள் ஒன்றுதான்.

அவர் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் மூன்றே முக்காலுக்கே வந்தார். டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டார். "முறுக்குத்தூள்ல உறைப்புக் கம்மி, சேவுத்தூளோட கலந்தாத்தான் சரியா இருக்கு" என்று அபிப்பிராயம் சொன்னார். "நேத்து எள்ளடை டப்பா ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?" என்று கேட்டார். தெருவில் வெங்காயம் வாங்கும்போது இசக்கியம்மாள் எமிலி டீச்சரிடம் சொன்னாள்:

"டீச்சர், என்னன்னே தெரியலை, அந்த மனுசன் கண்ணு இப்பல்லாம் டப்பா அடியிலயே இருக்கு. ஒரு சிட்டிகை தூள் மிஞ்சலை எனக்கு."

"எங்க வீட்டுக்கும் வந்தார்க்கா. முந்திரிக்கொத்து வேண்டாமாம். பாத்திரத்துல ஒட்டியிருந்த பாகைச் சொரண்டித் தாங்கன்னார்." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நான் பாத்திரத்தைத் தண்ணி ஊத்தி ஊற வச்சிட்டேன்."

"ஊற வச்சா என்ன பிரயோஜனம்? மறைக்கணும்," என்றாள் இசக்கியம்மாள்.

ஆடி மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. மணி மூன்று இருபது. ஆவுடையப்பன் குளித்துவிட்டு, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். இடது காதுக்குள் 'நற' என்றது.

துண்டை எடுத்தார். காதில் தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டினார். தண்ணீர் வரவில்லை. 'நறநற' என்றது. ஏதோ வெகு அருகில், அவருடைய தலைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்துகொண்டு, அவசர அவசரமாக, ஒரு கை அள்ளிப் போட்டு மெல்வது போல. கறிவேப்பிலை நொறுங்குவது தனியாகக் கேட்டது. கடலை உடைவது தனியாகக் கேட்டது. மூன்று மெல்லுக்கு ஒருதரம் ஒரு சின்ன இடைவெளி விட்டு, சத்தம் இடமிருந்து வலத்துக்கு மாறியது.

அவர் கை தானாகப் போய்க் காது மடலைத் தொட்டது. பார்க்க யாரும் இல்லை, இருந்தாலும் தொட்டது.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், சுடுகிற தெருவில் நாலே எட்டு வைத்துப் பதினெட்டாம் நம்பர் வாசலில் போய் நின்றார். கதவு சாத்தியிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஓசையே இல்லை. அவர் காதுக்குள் மட்டும் மழை மாதிரிக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கதவை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்.

சத்தம் சட்டென்று நின்றது.

"யாரு?" என்ற குரல் வந்தது, வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு.

"நாந்தான் தாயி. ஆவுடையப்பன்."

"இங்க ஒண்ணுமில்லையே அண்ணாச்சி!" என்றாள் இசக்கியம்மாள். அவர் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை. "டப்பால்லாம் கழுவிக் கவுத்தியாச்சு! நான் சும்மா படுத்திருக்கேன்!"

"சரி தாயி, படுத்துக்கோங்க. ஒண்ணும் அவசரமில்லை," என்றார் ஆவுடையப்பன்.

அவர் போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம், கொதிக்கிற சிமெண்டுத் தரையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். சற்று நேரம் கழித்து, அவர் போய்விட்டார் என்று உறுதியாக நம்பிய ஒருத்தி உள்ளே மறுபடி டம்ளரைச் சாய்த்தாள். 'நற' என்று அவர் இடது காதில் தொடங்கியது. அது முழுக்க முடியும்வரை ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.